லாரி பில்லின் இரண்டாவது வரி

மந்தைவெளி, சென்னை-28
2.4.1997

திருமதி ஜஹீதா அவர்களுக்கு,

உங்கள் பணிச் சான்றிதழை இத்துடன் வைத்திருக்கிறேன். முதல் பிரதியில் இனிஷியல் தவறாக விழுந்திருந்ததால் மறுபடி டைப் அடிக்கச் சொன்னேன். ஒரு நாள் தாமதம் அதனால்தான். சான்றிதழில் எழுதியிருப்பது ஒவ்வொரு சொல்லும் உண்மை. வேலையை நடுவில் விட்டுப் போனதற்காகப் பாடம் நடத்தியதைக் குறைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

உங்கள் மார்ச் மாதச் சம்பளம் ரூ.1,850. சென்ற ஆண்டு நீங்கள் கையெழுத்திட்ட நியமனக் கடிதத்தின்படி, இரண்டு ஆண்டுகள் முடிவதற்குள் விலகினால் வேலூரிலிருந்து குடிவந்த லாரிச் செலவு கடைசிச் சம்பளத்தில் பிடிக்கப்படும். அந்தச் செலவு ரூ.1,600. நீங்கள் இங்கே இருந்தது பத்து மாதம். மீதி ரூ.250 இன்று மணியார்டரில் அனுப்பினேன்.

பின்புற அறையில் உங்கள் தையல் மெஷின், இரும்பு பீரோ, இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு மெத்தை எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஜூனில் பள்ளி திறப்பதற்குள் எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்யவும். புதிய ஆசிரியைக்கு அந்த அறை வேண்டும்.

வேறு விசேஷம் இல்லை. யு.கே.ஜி. குழந்தைகள் நாற்காலியில் உட்கார மறுக்கிறார்கள். ஜஹீதா மிஸ் தரையில் உட்கார்ந்துதான் கதை சொல்வார்களாம். எனக்குத் தரையில் உட்காரத் தெரியாமல் இல்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க முட்டிகள் சம்மதிப்பதில்லை. நம் கான்வென்ட் பியானோவுக்குச் சுருதி சேர்க்க சாந்தோமிலிருந்து ஆள் வந்தார். இரண்டு கட்டைகள் இன்னும் ஒட்டிக்கொள்கின்றன.

இப்படிக்கு,
சூடாமணி ஸ்ரீனிவாசராகவன்
தாளாளர், பாரிஜாதம் நர்சரி பள்ளி


வேலூர்
9.4.97

மரியாதைக்குரிய மேடம் அவர்களுக்கு,

சான்றிதழும் மணியார்டரும் கிடைத்தன. சான்றிதழைப் புதிய பள்ளியின் தலைமை ஆசிரியை இரண்டு தடவை படித்தார். "இப்படி எழுதிக் கொடுத்தவங்களை விட்டுட்டு ஏன் வந்தீங்க?" என்று கேட்டார். சிரித்து வைத்தேன்.

பிடித்தத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டது நான்தான். மார்ச் சம்பளத்தில் ஒரு டெம்போ பிடித்துச் சாமான்களை எடுத்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். அது இப்போது முடியாது. இது அரசு உதவி பெறும் பள்ளி. கல்வி அலுவலகத்திலிருந்து ஒப்புதல் வந்த பிறகே முதல் சம்பளம் தருவார்கள். மூன்று மாதமாவது ஆகும் என்கிறார்கள். அதுவரை சாமான்கள் அங்கேயே இருக்க அனுமதிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்த அறையில் இடைஞ்சலாக இருந்தால் மாடிப்படிக்குக் கீழே தள்ளிவிடலாம்.

தையல் மெஷின் இல்லாததுதான் கஷ்டமாக இருக்கிறது. பக்ரீத்துக்குத் தைக்கச் சொல்லி அம்மியிடம் பதினோரு பேர் துணி கொடுத்திருந்தார்கள். நான் மெஷினோடு வருவேன் என்று நம்பி வாங்கி வைத்துவிட்டார். நாலு பேருடையதைக் கையாலேயே தைத்தோம். மீதியைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. பண்டிகை நேரத்தில் துணியைத் திருப்பித் தருவது அம்மிக்குப் பெரிய அவமானம். இரண்டு நாளாகப் பெற்ற மகளான என்னோடு சரியாகப் பேசவில்லை.

என் மகள் புஷ்ரா உங்களுக்கு சலாம் சொல்லச் சொன்னாள். பத்து மாதமும் என்னை "நீ" என்று கூப்பிட்டவர், போன கடிதத்தில் "திருமதி" போட்டிருந்தீர்கள். உறையின் மேல் வேறு யாருடைய பெயரோ என்று நினைத்துவிட்டேன்.

தங்கள் பணிவுள்ள,
ஜஹீதா


மந்தைவெளி
14.4.97

ஜஹீதாவுக்கு,

ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதுவதே ஒன்றைச் சொல்வதுதான். முப்பத்தொரு வருஷமாகப் பள்ளிக்கூடம் நடத்துகிறேன், எனக்கு அது தெரியாதா?

யாருடைய காசிலும் நான் ஒரு ரூபாய் அதிகம் எடுத்ததில்லை. என் கணவர் இருந்தபோதே இந்த வீட்டில் எல்லாச் செலவுக்கும் பில் உண்டு, எல்லா பில்லுக்கும் ஃபைல் உண்டு. சந்தேகம் வேண்டாம் என்பதற்காக அந்த லாரி பில்லை லஸ் முனையில் ஜெராக்ஸ் எடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கூட்டுத்தொகை ரூ.1,600 என்று தெளிவாக இருக்கிறது. பார்த்துக்கொள்.

இன்று வருஷப்பிறப்பு. பள்ளிக்கு விடுமுறை விட்டு நாலு நாள் ஆகிறது. வீடு எனக்குப் பிடிக்கவில்லை. மாடிக்கும் கீழுக்கும் காரணமில்லாமல் ஏறி இறங்குகிறேன். இன்று காலை உன் அறையைத் திறந்து தூசி தட்டச் சொன்னேன். மெஷின் மேல் நீ போட்டிருந்த பூப்போட்ட உறை சுருங்கியிருந்தது, நானே சரிசெய்தேன். தட்டச் சொன்னால் மட்டும் போதாது, கூட நின்று பார்க்கவும் வேண்டியிருக்கிறது.

ஒன்று யோசித்தேன். ஜூனில் திரும்பி வந்துவிடு. சம்பளம் ரூ.2,400 தருகிறேன். நடுவிலிருந்த இரண்டு மாதத்தை விடுப்பாகக் காட்டலாம். அப்போது நியமனக் கடிதம் தொடர்கிறது என்று ஆகும். பிடித்த பணம் முழுவதும் திரும்பிவிடும், சாமான்களையும் நகர்த்த வேண்டாம். எல்லாம் ஒழுங்காக இருக்கும். சாருலதா என்று ஒருத்தி அடையாறிலிருந்து வேலை கேட்டு வந்தாள். கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கிறது. இன்னும் பதில் சொல்லவில்லை.

கோபமாக இருக்கிறேன் என்று நினைக்காதே. பதிலை உடனே எழுது.

நலம் விரும்பும்,
சூடாமணி


வேலூர்
21.4.97

மரியாதைக்குரிய மேடம்,

உங்கள் பெரிய மனதுக்கு நன்றி. ஆனால் நான் வர முடியாது. இது நிரந்தர வேலை, பென்ஷன் உண்டு. கணவர் இல்லாதவளுக்கு அது என்ன என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அம்மிக்கு வலது கண்ணில் புரை முற்றிவிட்டது. இவற்றையெல்லாம் மார்ச் மாதமே சொன்னேன். நீங்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு "சரி, போகலாம்" என்றீர்கள். அதனால் காதில் விழவில்லையோ என்று மறுபடி எழுதுகிறேன்.

சாருலதாவை எடுத்துக்கொள்ளுங்கள். கையெழுத்தைத் திருத்திவிடலாம். என்னுடையதையும் நீங்கள்தானே திருத்தினீர்கள்.

பில்லைப் படித்தேன். கூட்டுத்தொகை சரிதான். நீங்களும் ஒரு தடவை படிக்க வேண்டும். இரண்டாவது வரி சின்ன எழுத்தில் இருக்கிறது. பூதக்கண்ணாடி உங்கள் மேஜையின் இடது இழுப்பறையில் இருக்கும்.

பக்ரீத் நல்லபடியாக முடிந்தது.

பணிவுள்ள,
ஜஹீதா


மந்தைவெளி
26.4.97

ஜஹீதாவுக்கு,

படித்தேன். பூதக்கண்ணாடி இல்லாமலே படித்தேன்.

"பியானோ ஒன்று, நின்றபடி. ஏற்றி இறக்க ஆள் எட்டு. தார்ப்பாய்." இதுதான் நீ சொல்லும் இரண்டாவது வரி. இதில் என்ன இருக்கிறது? வேலூரில் நாம் இருவரும் படித்த கான்வென்ட்டில் பழைய பியானோவைக் கழிக்கிறார்கள், எடுத்துக்கொள்கிறாயா என்று மதர் எனக்கு எழுதினார். அதே வாரம் நீ குடிவர இருந்தாய். எப்படியும் வருகிற லாரிதானே, அதில் ஏற்றிவிடு என்று உனக்கு எழுதினேன். லாரி உனக்காக வந்தது. பியானோ கூட ஏறிக்கொண்டது. பஸ்ஸில் போகிறவர் மடியில் ஒரு பையை வைத்துக்கொள்வதில்லையா? அதற்குத் தனி டிக்கெட்டா?

ஆட்சேபம் இருந்தால் அன்றே சொல்லியிருக்க வேண்டும். பத்து மாதம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, விலகிப் போன பிறகு "இரண்டாவது வரி" என்று குறிப்புக் காட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. நான் கேட்காத எதையும் யாரும் எனக்கு இலவசமாகச் செய்ததாக இருக்கக் கூடாது. மனதில் இருப்பதை முழுக்க எழுது.

வெயில் தாங்கவில்லை. கால்வாய்ப் பக்கம் பறக்கும் ரயிலுக்குத் தூண் போடும் சத்தம் காலையிலிருந்து மாலை வரை. ஒரு வேலையும் ஓடவில்லை.

சூடாமணி


வேலூர்
3.5.97

மேடம்,

எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன். இதற்குப் பிறகு இதைப் பற்றி எழுத மாட்டேன்.

பியானோவைப் படுக்கவைக்கக் கூடாது என்றார்கள். நிற்கவைத்தால் சுற்றிலும் ஒரு முழம் விட்டு, ஆடாமல் கட்ட வேண்டும். லாரியில் பாதி இடம் அதற்கே போய்விட்டது. என் தேக்குக் கட்டில் ஏறவில்லை. நிக்காஹ்வுக்கு அப்பா செய்து கொடுத்தது. வாடகை வீட்டுக்காரரிடம், அடுத்த மாதம் வந்து எடுக்கிறேன் என்று விட்டுவந்தேன். தனியாக ஒரு வண்டி பிடிக்கக் கையில் வசதிப்படவே இல்லை. தீபாவளி சமயத்தில் அவர் அதை விற்றுவிட்டார். அவர் மேலும் தப்பில்லை, ஐந்து மாதம் பொறுத்தார்.

வழியில் ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் அந்த ஜூன் மாதப் பெருமழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய் ஒன்றுதான். டிரைவர் "எதும்மேல போடட்டும்?" என்று கேட்டார். பியானோ மேல் போடச் சொன்னேன். மெத்தைகள் மூன்று இருந்தன. இப்போது உங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறதல்லவா, மற்ற இரண்டும் காயவே இல்லை.

ஏன் அன்றே சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். எட்டுப் பேர் அதை இறக்கி ஹாலில் வைத்ததும் நீங்கள் புடவைத் தலைப்பாலேயே மூடியைத் துடைத்துவிட்டு, நின்றபடியே இரண்டு விரலால் ஏதோ வாசித்தீர்கள். கான்வென்ட்டில் காலை வணக்கத்துக்கு நாங்களும் அதையே பாடியிருக்கிறோம். நான் ஈர மெத்தையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காததில் எனக்கு வருத்தமும் இல்லை. ஒருவர் அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்போது கட்டிலைப் பற்றி எப்படிப் பேசுவது? பேசியிருந்தால் அது வாடகையாக ஆகியிருக்கும். நான் அதை உங்களுக்குச் செய்ததாக வைத்திருந்தேன். நீங்கள் அதை என் சம்பளத்தில் பிடித்த பிறகு என்னால் அப்படி வைத்துக்கொள்ள முடியவில்லை. அவ்வளவுதான்.

சாமான்கள் இடைஞ்சலாக இருந்தால் பீரோவையும் பெட்டிகளையும் விற்றுவிடுங்கள். மெஷினை மட்டும் வைத்திருங்கள்.

ஜஹீதா


மந்தைவெளி
19.5.97

ஜஹீதா,

பதினைந்து நாளாக உனக்குப் பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். எல்லாவற்றிலும் நான் சொல்வதே நியாயமாக இருந்தது. அதனால்தான் கிழித்தேன்.

போன வியாழக்கிழமை ஆட்டோ வைத்துக்கொண்டு நந்தனத்துக்குப் போனேன். அந்த லாரி புக்கிங் ஆபீஸ் சிக்னலுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. உனக்கு லாரி அனுப்பியது ஷரஃபுதீன் என்பவர். உன் சாமான்களைத் திருப்பி அனுப்ப என்ன ஆகும் என்று கேட்கத்தான் போனேன். பழைய பில்லையும் கையில் வைத்திருந்தேன். பழக்கம்.

என்ன சாமான் என்று கேட்டார். சொன்னேன். "எழுநூறு ரூபா குடுங்கம்மா, டெம்போ அனுப்புறேன்" என்றார். போன வருஷம் இதே சாமானுக்கு ஆயிரத்து அறுநூறு வாங்கினீர்களே என்று பில்லை நீட்டினேன். ஏமாற்றியிருக்கிறார் என்றே நினைத்தேன் ஜஹீதா. குரலை உயர்த்தியும் விட்டேன். அங்கே நாலு டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கொஞ்சமும் கோபப்படாமல் சொன்னார்:

"இன்னாம்மா நீங்க. அந்தப் பொண்ணு சாமானுக்கு அன்னிக்கும் டெம்போதான் எழுதினேன். கட்டிலோட சேர்த்துகூட டெம்போ போதும். அப்பால உங்க பொட்டி ஒண்ணு வருதுன்னு சொல்லிச்சு. அதுக்கோசரம்தான் பெரிய வண்டி போட்டேன். எட்டு ஆளு, யானை மாதிரி கீது அது. உங்க பொட்டிக்குதாம்மா லாரி. அந்தப் பொண்ணுதான் கூட ஏறிக்கினு வந்துச்சு."

டீ குடித்தவர்களில் ஒருவர் சிரித்தார். நான் நாற்காலி கேட்டு உட்கார்ந்தேன்.

நான் உனக்கு எழுதிய வாக்கியத்தையே அந்த மனிதர் திருப்பிப் போட்டுச் சொல்கிறார். என் கையில் பதினொரு மாதமாக அந்த பில் இருந்தது. கூட்டலைச் சரிபார்த்திருக்கிறேன், ஓரத்தில் சிவப்பு மையில் டிக் போட்டிருக்கிறேன். படித்ததே இல்லை.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். மார்ச்சில் நீ சொன்னது எல்லாம் என் காதில் விழுந்தது. பென்ஷன், அம்மியின் கண், எல்லாம். நியாயமென்றும் தெரிந்தது. ஆனால் போகாதே என்று சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. நியமனக் கடிதத்தில் ஒரு வரி மட்டும் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன். சாமான்கள் இங்கே இருக்கும்வரை நீ முழுக்கப் போகவில்லை என்று தோன்றியது. எழுபது வயதில் ஒருத்தி இப்படி யோசிப்பாள் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

புதன்கிழமை, 21-ஆம் தேதி, டெம்போ வரும். வாடகை என்னுடையது. மெஷினைப் பழைய போர்வையில் சுற்றி நானே கயிறு கட்டினேன். தார்ப்பாய் இரண்டு போடச் சொல்லியிருக்கிறேன், மழைக்கு வாய்ப்பே இல்லை என்றாலும். மணியார்டரில் ரூ.1,600 வரும்.

கட்டிலுக்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதற்கு என் ஃபைலில் இடம் இல்லை.

உன்,
சூடாமணி


(மணியார்டர் கூப்பனில்)

வேலூர், 24.5.97

மேடம், சாமான்கள் கீறல் இல்லாமல் வந்தன. மெஷின் அன்றைக்கே ஓடியது. ரூ.1,600 கிடைத்தது. இதில் அன்று நான் குடிவர ஆகியிருக்கும் டெம்போ வாடகை எழுநூறு என் பங்கு. நான் கையெழுத்துப் போட்டது பொய்யாகக் கூடாது. அனுப்பியிருக்கிறேன். மறுக்க வேண்டாம். இடம் இவ்வளவுதான். ஜஹீதா.


மந்தைவெளி
29.5.97

அன்புள்ள ஜஹீதா,

ரூ.700 பெற்றுக்கொண்டேன். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய ரசீது இத்துடன். மறுக்கலாம் என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். உன் இடத்தில் நான் இருந்தால் திருப்பி அனுப்பியவளை மன்னிக்க மாட்டேன். அதனால் வாங்கிக்கொண்டேன்.

கணக்கு முடிந்துவிட்டது. இனிமேல் உனக்குக் கடிதம் எழுத எனக்குக் காரணம் கிடையாது. நேற்று அது மனதை என்னவோ செய்தது. பின்புற அறையில் போய் நின்றேன். சுவரில் பீரோ இருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. அந்த மூலையில் ஒரு கத்தரிக்கோல் கிடந்தது. துணி வெட்டுகிற பெரிய கத்தரி, கைப்பிடியில் நீல நூல் சுற்றியது. உன் அம்மியுடையது என்று நினைக்கிறேன். பீரோவுக்குப் பின்னால் விழுந்திருக்கும். அது இல்லாமல் அவர் எப்படி வெட்டுகிறார்?

தபாலில் அனுப்பும் பொருள் அல்ல. நானே கொண்டுவருகிறேன். ஜூன் 7, சனிக்கிழமை காலை ஆறரைக்கு வேலூருக்கு பஸ் இருப்பதாக விசாரித்தேன். அன்றே திரும்ப முட்டி இடம் கொடுக்காது. ஓர் இரவு தங்க வேண்டியிருக்கும். ஞாயிறு மதியம் புறப்பட்டுவிடுவேன், திங்கள் பள்ளி திறக்கிறது. சாருலதாவை எடுத்துக்கொண்டேன். அவளுடைய நியமனக் கடிதத்தில் அந்த வரி இல்லை.

உனக்கு அசௌகரியம் என்றால் தயங்காமல் எழுதிவிடு. இந்தத் தடவை மட்டும் வாயை மூடிக்கொண்டு இருக்காதே.

அன்புடன்,
சூடாமணி


வேலூர்
2.6.97

அன்புள்ள மேடம்,

கத்தரி அம்மியுடையதுதான். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி வெட்டுகிறார். காணாமல் போனதற்குப் புஷ்ராதான் இத்தனை நாள் திட்டு வாங்கினாள்.

வாருங்கள். புதுப் பாத்திரம் வாங்கி வைத்திருக்கிறோம், சைவம்தான் சமைப்போம். அதைப் பற்றிக் கேட்க நீங்கள் கூச்சப்பட வேண்டாம். பஸ் நிலையத்தில் நானே நிற்பேன்.

மறைக்காமல் எழுதச் சொன்னதால் ஒன்று எழுதுகிறேன். எங்கள் வீட்டில் கட்டில் இல்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். எல்லோரும் தரையில் பாய் போட்டுத்தான் படுக்கிறோம். உங்கள் முட்டியை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. யாரிடமாவது கட்டில் கேட்டு வாங்கட்டுமா?

ஜஹீதா


(அஞ்சல் அட்டை)

மந்தைவெளி
4.6.97

அன்புள்ள ஜஹீதா,

யாரிடமும் கேட்காதே. பாய் போதும்.

காலையில் எழுந்திருக்கும்போது மட்டும் நீ கை கொடுக்க வேண்டும்.

சூடாமணி